பார்த்தால் மங்கிவிடும் பச்சை

வைரஸ் தன்னை நகலெடுப்பதை இருட்டறையில் உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு தொழில்தான் என்று என் வீட்டில் கடைசிவரை யாரும் நம்பவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் வேலப்பன்சாவடிப் பக்கம் நான் ஆராய்ச்சி மாணவி. கோழி வைரஸ் ஒன்றின் பாலிமரேஸ், அதாவது நகலெடுக்கும் நொதி, செல்லுக்குள் எங்கே வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். புது நகல்களில் மட்டும் ஒட்டும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் நீல வெளிச்சம் பாய்ச்சினால் அந்த இடம் பச்சையாக மின்னும். மாத முடிவுக்குள் அதன் புகைப்படம் வராவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே கிடையாது என்றார் பேராசிரியர். இரண்டு வருஷ உழைப்பு அது.

பிறந்தநாள்

திருநின்றவூருக்கு ரயில் ஏறும் முன், ஆவடி ஸ்டேஷன் எதிரே அந்தோணி அண்ணன் ஸ்டுடியோவில் முதல் ஃபிலிம் சுருளைக் கொடுத்தேன்; வீட்டில் எடுத்த சில படங்கள் போக மிச்சமெல்லாம் நுண்ணோக்கியில் எடுத்தவை. மறுநாள் உறையில் தம்பியின் பிறந்தநாள் படங்கள் ஏழு மட்டும் இருந்தன. மிச்ச நெகட்டிவை வீண் என்று வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டாராம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ எனக்காக வருத்தப்பட்டார்: "இன்னாம்மா, இருட்டுல எட்துகினு கீறே? ஃபிளாஷ் போடலியா?"

விருந்தாளிகள்

செல்களைப் பரப்பிச் சாயமேற்றிய அடுத்த கண்ணாடி ஸ்லைடு அற்புதமாக வந்தது. நான் கேமராவை மாட்டுவதற்குள் பேராசிரியர் கல்லூரி அறங்காவலர்கள் ஐந்து பேரை அழைத்து வந்து, காபிக்கு முன் என் செல்லைக் காட்டினார். நுண்ணோக்கி முன் கழுத்து சுளுக்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வெளிச்சம் பட்டால்தான் இந்தச் சாயம் மின்னும், பட்டுக்கொண்டே இருந்தால் மங்கிவிடும். ஒவ்வொருவராக "அடடா" என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவதாகக் குனிந்த அம்மாள் நிமிர்ந்து கேட்டார்: "ஒண்ணுமே தெரியலையே சார், உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

கடைசி ஸ்லைடு

மாதக் கடைசி. மிச்சம் ஒரே ஸ்லைடு. கதவைத் தாழிட்டேன். பேராசிரியர் தட்டியும் திறக்கவில்லை; அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. ஓரத்துச் செல்களில் ஃபோகஸ் சரிசெய்து, வெளிச்சத்தை மறைத்து, ஸ்லைடை நகர்த்தி, அங்கே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே வெளிச்சத்தையும் ஷட்டரையும் ஒன்றாகத் திறந்தேன். முழுச் சுருளும் அப்படியே எடுத்தேன்.

படம் இருட்டாகத் தெரிந்தாலும் எல்லாவற்றையும் பிரிண்ட் போடச் சொல்லியிருந்தேன். அந்தோணி அண்ணன் மேஜையில் பரப்பினார். பதினோராவது படத்தில் ஒரு செல், அதற்குள் பச்சைப் புள்ளிகள், அத்தனை தெளிவாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பதறிப்போனார்: "அழுவாதம்மா. இந்த வாட்டியும் ஒரு ஆளுகூட வுழலியா?"

அத்தியாயம் தப்பித்தது, பட்டமும் வந்தது, ஆனால் அதை வாங்கித் தந்த செல்லை மட்டும் நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.