கையெழுத்தைத் தடுத்த சொற்பொழிவு

தென்காசியிலிருந்து எங்கள் கல்லூரிப் பேச்சுமன்றத்தின் சார்பில் சென்னையின் பெரிய ஏரிக்கரைப் பூங்காவிற்குச் செல்லத் திட்டமிட்டிருந்தோம். தோழி செல்வியின் தாயாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க, அவளோடு மேலகரத்திலுள்ள வீட்டிற்குச் சென்றேன்.

ஒரு வாரமாகச் செல்வி கெஞ்சியதில் அவர் மனம் இரங்கியிருந்தார். பேனாவைத் திறந்துகொண்டே, "பத்திரமாக் கூட்டிட்டு வந்துருவல்லா தாயி?" என்று கேட்டார்.

"வந்துருவேன் அத்தை" என்றிருந்தால் போதும். மேடைதோறும் பரிசு பெற்ற எனக்கு அது போதவில்லை. அவருடைய தயக்கத்தை வாதத்தால் வெல்ல எண்ணி எழுந்து நின்றேன்.

"குற்றாலச் சாரலில் வளர்ந்த நாம் நீருக்கு அஞ்சலாமா? அங்கே கரை நெடுகிலும் இரும்புக் கம்பி இருக்கிறது!" என்று முழங்கினேன்.

அவர் பேனாவை மூடினார்.

"அருவியிலயும் கம்பி இருந்துச்சு தாயி. எம்மவன் அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னான்."

செல்வியின் அண்ணனை அருவி வெள்ளம் கொண்டுபோனதை அன்றுதான் அறிந்தேன். வழியனுப்ப வந்த செல்வி, "அம்மா கையெழுத்துப் போடத்தானட்டி போனா. நீ ஏம்ட்டி பேசுன?" என்றாள்.

அவள் இல்லாமலே பூங்காவைப் பார்த்து வந்தோம். நான் முழங்கியவை அனைத்தும் உண்மையாகவே இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அந்தத் தாய் என்னிடம் கேட்டிருக்கவில்லை.