நாலாவது மாத்திரை

காகிதத்தை நகத்தால் நீவி மடித்து, அதற்குள் நாலு மாத்திரை போடுகிறார் சுப்பையன். பெரிய வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று. கடைசியாக, உளுந்தளவில் சின்ன வெள்ளை ஒன்று. டாக்டர் கோயமுத்தூரிலிருந்து வர ஒன்பதரை ஆகும். அதற்குள் இருநூறு பொட்டலம் தயார். அன்னூரில் இன்றைக்கு யாருக்கு என்ன நோவு என்று தெரிவதற்கு முன்பே மருந்து மடிக்கப்பட்டுவிடுகிறது.

இருபது வருஷக் கம்பவுண்டர். சட்டைப்பையில் பேனா கிடையாது. பழைய பரீட்சைத் தாள்களை நறுக்க ஒரு பிளேடு மட்டும். சின்ன மாத்திரை பாட்டிலின் லேபிள் எப்போதும் சுவரைப் பார்த்திருக்கும். மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்து, காய்ச்சலோடு பெஞ்சில் காத்திருந்த நான் எழுந்துபோய் அதைத் திருப்பிப் படித்தேன். ஸ்டீராய்டு. அவர் அதை வாங்கி மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

ஊருக்கு இஷ்டமானது அதுதான். ஒரே வேளையில் வலி போய்விடும். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும். "டாக்டரு கைராசி, மூஞ்சில களை வந்துருச்சு பாருங்க" என்று பெஞ்சில் பேசிக்கொள்வார்கள். சுப்பையனுக்கும் முட்டிவலி, காலை இழுத்துத்தான் நடப்பார். "ஊருக்கெல்லாம் மடிச்சுக் குடுக்கறீங்க, நீங்க ஒண்ணு போட்டுக்கறதுக்கு என்னங்க?" என்று சீண்டினால், "எனக்கு ஒத்துக்காதுங்க" என்பார்.

போன வருஷம் பொற்கொடி என்று களையெடுக்கப் போகிறவள் ஒருத்தி, சத்தியமங்கலத்தில் உறவு வீட்டுக்குப் போன இடத்தில் இந்தச் சின்ன மாத்திரை தீர்ந்து நிறுத்தியிருக்கிறாள். ஆறாம் நாள் சுருண்டு விழுந்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கூட நின்றவர் சுப்பையன். "இதைத் திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கணும். யாரும் சொல்லலையா?" என்று அங்கே கேட்டார்களாம். பொற்கொடி வீடு திரும்பவில்லை. இங்கே டாக்டர், "ஹார்ட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இதை என்னிடம் சொன்னபோதும் சுப்பையனின் கை மடித்துக்கொண்டேதான் இருந்தது.

நான் பெஞ்சில் காத்திருந்த அன்று டாக்டர் அறையிலிருந்து ராசம்மாள் வந்தாள். கன்னம் உப்பிக் கண் சிறுத்த முகம். மூன்று வருஷமாகத் தின்பவள்.

"மக பிரசவத்துக்கு வால்பாறை போறனுங்க. திரும்பி வர ரெண்டு மாசம் ஆவுமுங்க."

சீட்டில் வழக்கம்போல மூன்று நாளைக்குத்தான் எழுதியிருந்தது. சுப்பையன் சீட்டைப் பார்த்தார். டாக்டர் அறையின் திரையைப் பார்த்தார். பிறகு பிளேடை எடுத்து, சின்ன மாத்திரைகளைக் கண்ணருகே வைத்து வெட்டத் தொடங்கினார். முக்கால். பாதி. அப்புறம் கால்.

"ஏனுங்கண்ணா, முழுசாக் குடுத்தா நான் திங்கமாட்டனுங்களா? மாத்தரைக்கும் பஞ்சமுங்களா?"

"மலை மேல குளுருங்க அம்மணி, முழுசு ஆகாது." பொட்டலங்களை மூன்று கட்டாக்கி நூல் சுற்றினார். "ஒத்த முடிச்சு மொதல்ல. அப்பறம் ரெட்ட முடிச்சு. கடைசியா மூணு. மாத்தித் தின்னுபோடாதீங்க. ஒரு நாளும் உட்றாதீங்க."

"எல்லாந் தீந்துபோச்சுன்னா?"

"அதோட போதுமுங்க."

"வலி வந்துருமுங்களே."

"வருமுங்க."

அவள் முடிச்சுகளை விரலால் எண்ணிப் பார்த்து, மடியில் சொருகிக்கொண்டு போனாள்.

சுப்பையன் பிளேடில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை ஊதினார். அடுத்த காகிதத்தை எடுத்து நீவினார். பெரிய வெள்ளை, மஞ்சள், ரோஸ். சுவரைப் பார்த்திருந்த பாட்டிலைத் திறந்து, சின்னது ஒன்றை முழுசாகப் போட்டு மடித்தார்.