ஐஸ்பெட்டிக்குள் ஒரு கனடா

கனடாவில் இருக்கிற மகள் ஸ்பொன்சர் செய்து எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. மாசியில் அவளுக்குப் பிள்ளைப்பேறு. மனைவி அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேசை இறக்கித் தூசு தட்டிவிட்டாள். எனக்குத்தான் போக மனமில்லை. மார்கழி மழைக்கே கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைக் கடற்கரையில் நடக்கிற ஆள் நான். போகமாட்டேன் என்று நேரே சொல்லத் தைரியம் இல்லாததால் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன்.

பாலையூற்றில் எங்கள் வளவு மூலையில் ஒரு யூகலிப்டஸ் மரம் நிற்கிறது. சளி பிடித்தால் அயல் முழுக்க வந்து வேது பிடிக்க இலை முறிக்கும். அதன் விதையில் முளைத்த கன்றொன்றை, மகளின் வீட்டு வாசலில் நடவென்று மனைவி தயிர்ச்சட்டியில் வளர்த்துவந்தாள்.

"இந்தக் கன்று ஒரு கிழமை, ஏழு நாளும், ஐஸ்பெட்டிக்குள்ள உயிரோட இருந்தா நானும் வாறன். இல்லாட்டி ரெண்டு பேரும் இங்கதான்," என்றேன். நான் இல்லாமல் அவள் போகமாட்டாள். அதுதான் என் துணிச்சல்.

"சொன்னா சொன்னதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்."

பாரை மீன் துண்டங்களை ஒதுக்கிவிட்டுச் சட்டியை நானே வைத்தேன். காலையில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு திறந்தால், கன்று பச்சையாக நிற்கிறது. தொட்டுப் பார்க்கவில்லை; பரீட்சையில் கை வைப்பது முறையல்ல. குளிரைக் கூட்டினேன். மீன் கல்லாகி, வெட்டக் கத்தி போதாமல் போனது. கன்றோ புதிதாக இரண்டு இலை விட்டது. அவுஸ்திரேலிய மலைகளில் பனிக்குள்ளேயே நிற்கிற யூகலிப்டஸ் உண்டென்று கைபேசியில் வாசித்ததும் அதைக் கவிழ்த்து வைத்தேன். எங்களுடையதும் அந்தச் சாதியாக்கும். அந்தக் கிழமை முழுவதும் மனைவி பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுந்தாள். வயது போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலை, குசினியில் அவள் பார்த்துக்கொண்டு நிற்க, சட்டியை வெளியே எடுத்தேன். கை குளிரவில்லை. மண் மெத்தென்று இருந்தது. சட்டி விளிம்பில் ஓர் எறும்பு, அவசர வேலை இருப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

நான் படலையைத் தாண்டி வெளியே போனாலும் சரி, குறட்டை விட்டாலும் சரி, சட்டி வெளியே வந்திருக்கிறது. நான் எழும்ப முன்னம் திரும்பவும் உள்ளே போயிருக்கிறது. ஒரு கிழமை அவள் தூங்கவேயில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவள் கன்றைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். "என்ன, தாங்கிட்டுதோ?"

"தாங்கிட்டுது. எனக்கும் ஒரு தடிச்ச சுவெற்றர் எடுத்து வையும்."

அவள் சட்டென்று மறுபக்கம் திரும்பிச் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவள் திரும்ப முன்னம் எறும்பை ஊதிக் கீழே விட்டேன்.