தோணிக்கு மூன்றாவது இடம்

"ஜெபசெல்வி வீட்டுல பேய் வளக்குதாளாம்" என்று அம்மா தோஹாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னது, கோயிலில் பக்கத்தில் உட்காரும் அற்புதமணி டீச்சர். "ஆறு பேயாம். அதுல ரெண்டு நெருப்பு கக்குமாம்!" ஜெபசெல்வி என் சித்தி மகள். விடுமுறைக்கு வந்த கையோடு தூத்துக்குடிக்கு ஓடினேன்.

பேய்கள் டேப்லெட்டுக்குள் இருந்தன. ஆறு மிருகங்களைத் தேர்ந்தெடுத்து எதிராளியின் ஆறோடு மோதவிடும் விளையாட்டு. நாற்பது வயதுக்காரிக்கு இது தேவையா என்று கேட்க வாயெடுத்தேன். "சும்மா இருங்கண்ணே, டீம் போடுதேன்" என்றாள், நிமிராமல்.

துறைமுகத்தில் அவளுக்கு, எந்தக் கண்டெய்னரைக் கப்பலில் எங்கே வைப்பது என்று கணினியில் அடுக்கிக் கொடுக்கும் வேலை. டீமையும் அப்படித்தான் அடுக்குகிறாள். இணையத்துத் தரவரிசைகளை மதிப்பதில்லை. "அவன் ஒவ்வொண்ணா எடை போடுதான். நான் ஆறையும் சேத்துல்லா ஏத்தணும்?" மிருகங்களுக்குச் சொந்தப் பெயர்களும் உண்டு. பாய்ந்து கடிப்பதற்குச் சீலா மீனின் பெயர். நெருப்பு கக்கும் இரண்டும் மேலத்தெரு, கீழத்தெரு. கல் முதுகும் குட்டைக் காலுமாக அசைந்து வருவது தோணி.

தோணி எல்லாத் தரவரிசையிலும் கடைசி வரிசைதான். ஆனால் அது ஒரு வித்தை செய்துவிட்டால் சில சுற்றுகளுக்கு ஆட்டம் தலைகீழ்: மெதுவாக நகர்வதுதான் முந்தி அடிக்கும். போன ஆட்டத்தில் வித்தை காட்டுமுன்பே அடிபட்டு விழுந்தது. தப்பு அவளுடையது. "கப்பல்ல கனத்தைத்தான முதல்ல ஏத்துவோம்? அந்தப் புத்தியில இவனையும் முதல்ல இறக்கிட்டேன்."

அதில்தான், அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து போட்டிகளில் ஆடும் அணியின் கேப்டன், தருவைகுளம் ஜாபேஸ், கொதித்துப்போயிருக்கிறான். இன்று அரையிறுதி. நான்கு மணிக்குள் டீமைப் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் மாற்ற முடியாது. காலையிலேயே போன் ஸ்பீக்கரில் கத்தினான்:

"எக்கா, அந்தத் தோணியக் கரையில கட்டிப் போட்டுட்டு, வேகமா ஓடுற டிராகனை எடுங்க. இல்லன்னா இனிமே உங்க இடத்துல, வெளிய காத்துக்கிட்டு இருக்க மகாராஜன் ஆடட்டும்."

"ஏலே, ஆறு பேரும் வேகமா ஓடுறவனா இருந்தா, நம்மளவிட வேகமா ஒருத்தன் வாரப்ப என்னல செய்வ?"

"அப்பப் பாத்துக்கிடலாம்."

"அப்பப் பாக்கதுக்கு நீ இருக்க மாட்ட. தோத்துப் போயிருப்ப."

அவன் வைத்துவிட்டான். அந்த அணியில் ஓர் இடம் பிடிக்க எத்தனை பேரை வென்றாள் என்று நான் வந்ததுமே சொல்லியிருந்தாள். "டிராகனையே போட்டுரு. எதுக்கு வம்பு?" என்றேன்.

"அண்ணே, நீங்க பிளைட்டுக்கு அஞ்சு மணி நேரம் முந்திப் போய் உக்காருத ஆளு. பேசாதீங்க."

சீலாவை முதலில் வைத்தாள். அடுத்து மேலத்தெரு. இரண்டும் அடிபட்டு எதிராளியைக் களைக்க வைத்தபின் வரட்டும் என்று, தோணியை மூன்றாவது இடத்துக்கு இழுத்தாள். அப்போது மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. திரையில் ஜாபேஸ் பெயர். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு பூட்டினாள். அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு வந்துவிட்ட போனை, விழுந்துவிடாமல் முழங்கையால் உள்ளே தள்ளிவிட்டாள்.