பவுன்சர் ரெமிஜியஸும் ஜப்பான் பேய்களும்

ரெமிஜியஸ் அடிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர். இந்திராநகரில் ஜப்பானியச் சாப்பாடு போடும் ஒரு பாரில் பவுன்சர். ஜோகுபாளையத்தில் பிறந்து, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சந்தில் குத்துச்சண்டை பழகி, அந்தக் கைகளை வைத்தே குடும்பம் நடத்தினார். தகராறு செய்பவனைப் பின்கழுத்தில் பிடித்து வெளியே தள்ளுவார். திரும்பி வந்தால் விலாவில் குத்துவார். வாந்தியிலும் உடைந்த கண்ணாடியிலும் புரண்டு முடியும் சண்டைகள் அவை. ரத்தக்கறை பட்ட சட்டையை மனைவி லவினா கண்ணில் படாமல் அவரே அலசிப் போடுவார்.

அந்த பாரின் சுவரில் ஓர் அனிமே தொடர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஜப்பானிய மர அச்சு ஓவியங்களைப் போல வரைந்த பேய்க்கதைகள். முகங்களில் நிழலே கிடையாது. வானம் முழுக்கக் காகிதத்தின் சொரசொரப்பு தெரியும். பட்டுடுத்திய ஒரு பெண் தலையைத் திருப்பினால் கழுத்து நீண்டுகொண்டே போய் உத்தரத்தைச் சுற்றும். வாள் வீசினால் ரத்தம் சிவப்புச் செவ்வந்தி இதழ்களாகச் சிதறும். வாசலைப் பார்த்து நிற்க வேண்டியவர் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு வீட்டில் செல்போனிலும் அதையே பார்த்தார், கீழே ஓடும் ஆங்கில வரிகளை எழுத்துக்கூட்டிக்கொண்டு.

"பொம்மப் படத்த இப்படியா பாப்பாங்க?" என்றாள் லவினா.

"அதுல ஒரு பேய் வந்தா, அதுக்கு எவன் கெடுதல் பண்ணான்னு முடியறதுக்குள்ள தெரிஞ்சிடும். நான் டெய்லி ஒருத்தன அடிக்கிறேன். அவன் ஏன் அப்படி வந்தான்னு யாரு கேக்கறாங்க?"

லவினாவும் உட்கார்ந்து கொஞ்சம் பார்த்தாள். அந்த நீண்ட கழுத்தை அவளால் பார்க்க முடியவில்லை. உடைகளின் பூவேலையை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தத் தொடரின் ரசிகர்களுக்காக பாரில் விழா வைத்தார்கள். தர்ஷினி என்ற பெண், ஈரோட்டிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்ப்பவள், முகத்தில் வெள்ளை பூசி, கறுப்பு விக் வைத்து, அந்தப் பேய்ப் பெண்ணாகவே வந்திருந்தாள். ரெமிஜியஸ் வெட்கத்தோடு அவளிடம் போய், "கழுத்து நீளுமே, அந்தக் கதைதானேம்மா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். "நீங்களும் பாப்பீங்களாண்ணா?"

சற்று நேரத்தில் கிஷோர் என்பவன் இரண்டு நண்பர்களோடு குடித்துவிட்டு வந்தான். செல்ஃபி எடுக்க வேண்டுமென்று தர்ஷினியின் இடுப்பில் கை போட்டான். அவள் தட்டிவிட்டாள். அவன் விக்கைப் பிடித்து இழுத்தான். அடியில் குத்தியிருந்த ஊசிகளோடு அவளுடைய முடியும் பிய்ந்து வந்தது.

ரெமிஜியஸ் அவன் மணிக்கட்டை முறுக்கினார். கிஷோர் மறு கையால் பீர் கிளாஸை மேசை விளிம்பில் உடைத்து அவர் முகத்தில் சொருகினான். இடது கண்ணில் ஏதோ சூடாக வழிந்தது. அவர் பிடியை விடாமல் அவனைப் படிக்கட்டு வரை இழுத்துப்போய்த் தள்ளினார். அவன் மேல் ஏறி உட்கார்ந்து தாடையில் குத்தினார். எலும்பு நகர்வது விரல்களுக்குத் தெரிந்தது. கிஷோரின் கைகள் தளர்ந்து விழுந்த பிறகும் குத்தினார். நண்பர்கள் இருவரும் ஓடிப்போயிருந்தார்கள்.

தர்ஷினி வந்து அவருடைய முஷ்டியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தாள். "போதும்ணா. செத்துருவான்."

அவள் முகத்து வெள்ளைப் பூச்சில் அவருடைய ரத்தம் தெறித்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். தரையெல்லாம் வழுக்கியது.

கண்ணை எடுத்துவிட்டார்கள். போலீஸ் இருபக்கமும் வழக்குப் போட்டது. பார் முதலாளி ப்ரஹ்லாத் ஆஸ்பத்திரிக்கு வந்து, "அவன் தானாவே மெட்டிலு மேல விழுந்தான்னு சொல்லு ரெமி, அந்தப் பொண்ணையும் சொல்லச் சொல்லு," என்றார். மெட்டிலு என்றால் கன்னடத்தில் படிக்கட்டு.

மறுநாள் தர்ஷினி வந்தாள். "நீங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு தெரியும்ணா. ஆனா அவன் விழுந்த பிறகும் நீங்க அடிச்சத பாத்தேன். கேட்டா இல்லன்னு சொல்ல வராது."

"எனக்கும் வராதும்மா. சொல்லு."

இருவரும் நடந்ததை நடந்தபடியே சொன்னார்கள். தாடைக்குக் கம்பி கட்டியிருந்த கிஷோரின் வீட்டார் கடைசியில் சமாதானத்துக்கு வந்தார்கள். ப்ரஹ்லாத் ரெமிஜியஸை வேலையை விட்டு நிறுத்தினார்.

ஒற்றைக் கண்ணில் உலகம் தட்டையாகிவிட்டது. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். படி இல்லாத இடத்தில் கால் வைத்தார். சுவரைக் குத்திப் பார்த்து, எட்டாமல் தடுமாறி விழுந்து அழுதார். செல்போனில் அந்தத் தொடரைப் போட்டபோது மட்டும் எதுவும் மாறியிருக்கவில்லை. அது முதலிலிருந்தே தட்டையாக வரையப்பட்டது. அன்று முழுவதும் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

இப்போது பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் செக்யூரிட்டி வேலை. சென்ற மாதம், லாரி அடித்து மகனைப் பறிகொடுத்த ஒருவர் டாக்டர் மேல் பாய்ந்தார். ரெமிஜியஸ் குறுக்கே போனார். குருட்டுப் பக்கத்திலிருந்து விழுந்த அடியில் பல் ஒன்று உடைந்தது. அவர் அந்த மனிதரைக் கைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அந்த ஆள் அவர் தோளைக் கடித்தார், சதை கிழியும் வரை. ரெமிஜியஸ் விடவில்லை. "பையன் பேரு என்ன?" என்று அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர் வந்ததும் அந்த உடம்பு மொத்தமும் அவர் மேல் சரிந்தது.

அன்றிரவு வீட்டில் லவினா காயத்துக்கு மருந்து போட்டாள். "ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேன்," என்றார் வாயைத் திறக்க முடியாமல். "இன்னைக்குக் கஞ்சி வெச்சிடு."