மைமூன் கைக்கு எட்டிய உயரம்

போன வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சத்தம் வரவில்லை.

சரஸ்வதி, அதாவது என் மனைவி, காபி வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ரேஸரை நிறுத்திவிட்டேன். இரண்டு பேரும் சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னிக்கு இடிச்சுக்கலை" என்றாள் சரஸ்வதி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருத்தி தலையை இடித்துக்கொள்ளவில்லை என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும்? இதற்குப் போய் அழுவார்களா? அழ வேண்டியிருக்கிறதே... என்ன செய்ய!

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் சமையலறைக்கும் அடுத்த வீட்டு ஹனீபாவின் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர்கள் அம்மி அரைத்தால் எங்கள் டம்ளர் ஆடும். நாங்கள் சண்டை போட்டால் அவர்களுக்கு வசனம் மனப்பாடம்.

ஹனீபா, பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்க்கிறவர். சாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் தோளில் ஒரு தேக்கு அலமாரியைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை யாரோ ஏலத்தில் விட்டது. சுவரில் தொங்க விடுகிற ஜாதி, கம்பிவலைக் கதவு. எங்கள் தெரு எலிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. கிடங்குகளில் தின்று வளர்ந்தவை, பூனையைக் கண்டால் வழிவிடாது. தரையில் எதை வைத்தாலும் போச்சு.

மைமூனுக்காகத்தான் அந்த அலமாரி. ஹனீபாவின் மனைவி. ரொம்பக் குள்ளம். பரண், மாடம் எதுவும் அவளுக்கு எட்டாது. தேங்காய் துருவுகிற பலகை மேல் ஏறி எடுக்கப் போய் ஒரு தடவை விழுந்து, மணிக்கட்டு வீங்கி, ஒரு மாதம் இடது கையால் சோறு பொங்கினாள்.

ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பெண்கள் புழங்குகிற இடத்தில் ஓர் அந்நியர் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தால் மைமூன் எங்கே போய் நிற்பாள்? அதனால் ஹனீபாவே சுத்தியலைத் தூக்கினார். மேல்காரையோடு நிறுத்தவில்லை மனுஷன். உள்ளே இருக்கிற வெட்டுக்கல் வரை உளியால் குடைந்து, காய்ந்த பலா மரத்தில் ஆப்புச் செதுக்கி இறக்கி, அதில் ஸ்க்ரூ முடுக்கினார். போதாதென்று அடியில் வேறு ஒரு தாங்கு பட்டை. அடித்த அடியில் இந்தப் பக்கம் காரை பெயர்ந்து எங்கள் தோசை மேல் விழுந்தது. நான் சுவரைப் பார்த்துக் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் மைமூன் ஒரு தட்டு நிறைய அரிசிப் பத்திரி சுட்டுக் கொடுத்தனுப்பினாள். தின்றுவிட்டு எப்படிக் கத்துவது?

அலமாரி அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அதன் கீழே நிமிர்ந்து நின்று, எதையும் எட்டி எடுப்பாள். "வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இப்பத்தான் சேச்சி எனக்கு உசரம் வெச்சிருக்கு" என்று சரஸ்வதியிடம் சொல்லிச் சிரிப்பாளாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயம் கொடுத்தார்கள், டாக்டர் வந்தார், ஊசி போட்டார். மைமூன் போய்விட்டாள். குழந்தை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரொம்ப நாள் அம்மிச் சத்தம்கூட இல்லை.

ஹனீபாவின் அக்கா விடவில்லை. போன வருஷம் பாலக்காட்டிலிருந்து ரஜியாவைக் கட்டிவைத்தாள். நல்ல பெண். நல்ல உயரமும்.

அங்கேதான் வந்தது வினை. அடுப்பை ஊதக் குனிந்து நிமிர்ந்தால்... டொக்! அலமாரியின் முனை நெற்றியில். கூடவே ஒரு "யா அல்லா". தினமும் காலையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எறணாகுளம் போகிற படகுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். முதலில் சிரித்தோம். பிறகு பெண்ணின் நெற்றியைப் பார்த்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

ஹனீபாவைச் சாயாக்கடையில் பிடித்தேன். "ஒரு முழம் மேலே தூக்கி மாட்டினால் என்ன?" என்று கேட்டேன்.

கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இளகாது சேட்டா. நல்லா உறப்பிச்சதாக்கும்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. இருக்கிறவள் மண்டை உடைகிறது, இவர் மரத்தின் உறுதியைச் சொல்கிறாரே! போனவள் மேல் பிரியம் இருக்கலாம், அதற்காக உயிரோடு இருக்கிறவள் தினம் வீங்க வேண்டுமா?

நோன்பு நெருங்கியது. போன புதன்கிழமை நெற்றி கிழிந்து ரத்தம். சரஸ்வதி பின்கட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிவிடும்போது ரஜியா சொன்னாளாம்:

"நான் ஒருக்கா சொல்லிப் பார்த்தேன் சேச்சி. மச்சான் காதுலயே வாங்கல. வலி எனக்குப் பெருசில்ல. ஒரு இடத்துல நிமிர்ந்து நிக்கணும் இல்லையா? தினமும் அவங்க அலமாரிக்குக் குனிஞ்சு குனிஞ்சு... ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வர்றாங்க. அவங்களோட ஊருக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

இதை அப்படியே கொண்டுபோய் ஹனீபாவிடம் கொட்டினேன். கொஞ்சம் காரமாகவே.

வியாழக்கிழமை மத்தியானம் கடப்பாரையோடு என் வாசலில் நின்றார். "உங்க சுவருமாச்சே சேட்டா... கொஞ்சம் வரணும்."

உறப்பித்தது உண்மைதான். ஸ்க்ரூ துருவேறிப்போய் மரத்தோடு ஐக்கியம். கீழ்ப் பட்டையைப் பெயர்க்கவே வியர்த்துவிட்டது. ரஜியா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு சரஸ்வதியோடு வாசற்படியில் நின்றாள். கடைசியில் பாதி ஆப்போடு அலமாரி கையில் வந்தது. இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

சுவரில் ஒரு கை.

வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். அலமாரியைக் கழற்றாமல் சுற்றிலும் அடித்துவிட்டுப் போவார்கள். அதனால் அதன் பின்னால் மட்டும் பழைய சுவர் அப்படியே இருந்தது. அதன் நடுவில் ஐந்து விரலும் தெளிவாக, மங்கிய சிவப்பில் ஒரு சின்னக் கை. மஞ்சள் சுண்ணாம்பில் பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"எவ்வளவு உசரம் வேணும்னு கேட்டேன்" என்றார் ஹனீபா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மஞ்சள் அரைச்சிட்டிருந்தா. கையக் கழுவாம ஓடி வந்து, இந்தா இவ்வளவுன்னு வெச்சுட்டா. அலமாரியக் கழட்டினா, வெள்ளையடிக்கிறவன் இதுமேல அடிச்சிருவானே சேட்டா... அதான்."

சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சாயாக்கடையில் கோபப்பட்டவன், கீழே கிடந்த ஆப்புச் செதில்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

ரஜியாதான் முதலில் அசைந்தாள். சுவர்ப் பக்கம் போய், தொடாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு சின்னக் கையா சேச்சி?" என்றாள். "எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் அவங்கள என்னமோ பெரிய ஆளா நெனச்சிருந்தேன்."

அப்புறம் அழுதாள். சரஸ்வதியும். ஹனீபா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல், "உனக்கு... உனக்கு எவ்வளவு உசரம் வேணும்?" என்று கேட்டார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது. கையை உயர்த்திக் காட்டினாள். ஹனீபா கோடு போட்டார்.

புது ஆப்பு, புது ஸ்க்ரூ. என் பக்கம் மறுபடி காரை விழுந்தது. இந்த முறை நான் கத்தவில்லை.

எப்படி ஆப்பு இறக்க வேண்டும், ஸ்க்ரூவுக்கு எப்படிச் சோப்புத் தடவ வேண்டும் என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உறுதியாக மாட்டியதை எப்படிக் கழற்றுவது? அதை யாரும் சொல்லித்தருவதில்லை.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலை சத்தமில்லாமல் விடிந்தது.

சனிக்கிழமை வெள்ளையடிக்க ஆள் வந்தான். வாளியைப் பார்த்ததுமே ஹனீபா சாயாகூடக் குடிக்காமல் கிடங்குக்குக் கிளம்பிவிட்டார். நின்று பார்க்க அவருக்குத் தெம்பில்லை. சரஸ்வதிக்கும் மனசு கேட்கவில்லை. எதற்கோ போவது போல எட்டிப் பார்த்தாள்.

சமையலறை முழுக்கப் பளீரென்று நீலம் கலந்த வெள்ளை. உயர்த்தி மாட்டிய அலமாரிக்குக் கீழே, சுவரில் தங்கிவிட்ட பழைய ஆப்பு ஒன்றில் ஓர் ஆணி. அதில் ஒரு முறம் தொங்கியது. ஈரச் சுண்ணாம்பு முறத்தின் விளிம்பு வரைதான் வந்திருந்தது; முன்பு அலமாரியைச் சுற்றி அடித்தது போலவே.

மறுநாள் வருகிற அண்ணனுக்குப் பத்திரி செய்ய ரஜியா அரிசி களைந்துகொண்டிருந்தாளாம். ஊருக்குப் போகிற மூட்டை எதையும் காணோம்.

"முறத்தை அலமாரிக்கு மேல வெக்கலாமே, ரஜியா?" என்று சரஸ்வதி ஆழம் பார்த்திருக்கிறாள்.

"அங்கேயே இருக்கட்டும் சேச்சி. அவங்களுக்கு அதுக்கு மேல எட்டாது."