எட்டு நாள் நீலம்

அந்த எட்டு நாளும் விளக்கை நானே நீலமாக்கி வைத்தேனே, அது என் மகளுக்காகவா, எனக்காகவா?

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். நானும் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனாரோடு இருக்கிறோம். போன விடுமுறைக்கு வந்தபோது அவர் செருப்பு டப்பா அளவில் ஒரு ஹோம் சர்வர் வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். மகளின் படங்களும் வீடியோக்களும் அதில்தான் சேரும். எங்கே இருந்தாலும் தன் போனில் திறந்து பார்ப்பார். பெட்டியின் முகப்பில் விரல் நீளத்துக்கு ஒரு விளக்கு உண்டு. எப்போதும் வெள்ளையாக எரியும்.

செட்டிங்ஸில் எங்கே தேடினாலும் அந்த விளக்கைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அதே பெட்டியை வைத்திருக்கும் யாரோ ஒருவர், உள்ளே மறைந்திருக்கும் கட்டளைகளைக் கொண்டு அதன் நிறத்தை மாற்றலாம் என்று இணையத்தில் எழுதியிருந்தார். நான் கணினி அறிவியல் படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பா தூங்கும்போது பத்துப் பன்னிரண்டு வரி எழுதினேன். என் கணவர் தன் போனில் மகளின் படங்களைத் திறந்தால் விளக்கு நீலமாகும். ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்துவிட்டு வெள்ளைக்குத் திரும்பும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்காகவே தினமும் திறப்பாரோ என்று தோன்றியது. சொல்லாமல் இருப்பது வேவு பார்ப்பதோ என்றும் தோன்றியது.

நான்கு வயது மகளுக்கு ஒரு தடவை சொன்னதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. நீலத்தைக் கண்டால், "அப்பா பாக்காக!" என்று சோற்றுத் தட்டோடு பெட்டிக்கு முன்னால் போய் உட்காருவாள். மாமாவும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்தான். அவருக்குச் சிரிப்பு.

"நான் வடக்க கெடந்தப்ப ஒங்க அத்தைக்கு என்ன லைட்டா எரிஞ்சுச்சு? மாசம் ஒரு லெட்டரு. அதுலயும் பாதி, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியான்னுதான் எழுதிருப்பேன்."

பிறகு என் கணவரை மேலே மலையில், சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்துக்கு அனுப்பினார்கள். "பத்து நாள் பேச முடியாட்டி பதறாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இரண்டாம் நாளே விளக்கு வெள்ளையானது. நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அன்று மதியம் அங்கே மாமாவின் போன் வந்தது.

"ஏம்மா, இவ சோத்தத் தொட மாட்டேங்கா. லைட்டு நீலமானாத்தான் திம்பாளாம்."

பின்னால் அவள் அழும் சத்தம். எதிரில் மேலாளர் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். என் போனிலேயே சர்வருக்குள் போய் ஒரு வரி தட்டினேன்.

"வந்துட்டாக! அப்பா வந்துட்டாக!"

ஒரு வேளைச் சோற்றுக்காகச் செய்தது அது. மறுநாளும் செய்தேன். மூன்றாம் நாள், நானாக மாற்றும்வரை நீலமாகவே எரியும்படி பூட்டிவிட்டேன். என் கைவேலைதான் என்று தெரிந்தும், வீட்டுக்குள் நுழைந்து அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. அவர் உண்மையில் படங்களைத் திறந்தாரா என்பது சர்வரின் பதிவில் இருக்கும். பார்த்திருக்கலாம். வெறுமையாக இருந்துவிட்டால்? பார்க்கவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் செய்திகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் விளக்கில் கைவைத்த எட்டாம் நாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏட்டி, நல்லாருக்கியா? முந்தாநாத்து ஒரு எடத்துல செத்த நேரம் நெட்டு கெடச்சுச்சு. பேசத்தான் லைன் கெடைக்கல. பாப்பா படம் அம்புட்டையும் பாத்துட்டேன். எங்க அவ? குடு."

முந்தாநாள். அன்றுதான் மில் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். விளக்கை அதன் போக்கில் விட்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்திருக்கும்.

மகளிடம் போனை நீட்டினேன். பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அப்பாதான் இங்கயே இருக்காகளே. பொறவு பேசுதேன்."

"மகராணிக்கு நேரமில்லையாக்கும்" என்று அவர் சிரித்தார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

மாமா விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "முந்தாநாத்துதான் பாத்தானாம்ல? அப்ப அதுக்கு முந்தி எப்படிம்மா எரிஞ்சுச்சு?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் அதப் பாத்துட்டுத்தாம்மா தூங்கப் போனேன்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

அன்றே பூட்டை எடுத்துவிட்டேன். ஆனால் அடுத்த மாதம் அவர் மறுபடியும் மேலே போகிறார். விளக்கு வெள்ளையாகும், அவள் தட்டைத் தள்ளுவாள். வெள்ளை என்றால் போன் எட்டவில்லை, வேறொன்றுமில்லை என்று நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? இல்லை, எழுதிய வரிகளையே அழித்துவிடுவதா? அவரிடம் நடந்ததைச் சொல்லலாமா, அவ்வளவு தூரத்தில் நிற்பவர் தலையில் இதையும் ஏற்ற வேண்டுமா? பிள்ளையை வைத்துக்கொண்டு, தொலைவில் இருக்கும் ஒருவருக்காகக் காத்திருந்தவர்கள் உங்களில் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தப்பாகப் போனதாக இருந்தாலும் எழுதுங்கள்.